ஆறடி ஒரு அங்குலம், சுமாராக

பெல்மார்க் மாவட்டத்தில் ஆறடிக்கு மேற்பட்ட பாம்பை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஐந்தடி பதினோரு அங்குலம் வரைக்கும் அது செல்லப் பிராணி. ஆறடியைத் தாண்டினால் பொது அபாயம். இடையில் பாம்புக்குள் என்ன மாற்றம் நேர்கிறது என்பதை விதியை எழுதியவர்கள் விளக்கவில்லை. அவர்களில் ஒருவரும் பாம்பைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. வடக்கு டகோட்டாவின் அந்த மூலையில் வருடத்துக்கு ஐந்து மாதம் பனி. அங்கே பாம்பு வந்தால் அதுவாக வராது, யாராவது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுவந்தால்தான் உண்டு.

விதி வந்து இருபத்திரண்டு வருடத்தில் அதை மீறியதாகப் பிடிபட்டவர் ஒரே ஒரு ஆள். ஆல்வின் ஹெக் என்று பெயர். எழுபது வயது. தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மூடிக்கிடந்த செருப்புக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். கூட இருந்தது பெர்ல் என்ற விஷமில்லாத போவா பாம்பு. பத்தொன்பது வருடமாக இருந்தது. ஒரு நவம்பர் மாதம் சமையலறைக் குழாயின் ஒழுக்கை அடைக்க வந்த ஆள் பெர்லைப் பார்த்துவிட்டு, குழாயையும் அடைக்காமல், கொண்டுவந்த ஸ்பானரையும் எடுக்காமல் படியிறங்கிப் போய் மாவட்டப் போலீசான ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

விசாரிக்க வந்தவர் கர்ட் ஓல்னெஸ் என்ற துணை அதிகாரி. ஆள் வாட்டசாட்டம். பாம்பென்றால் கைகால் உதறும். அவர் வாசற்படியிலேயே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அளவு நாடாவை அறையின் திசையில் நீட்டிப் பிடித்து, அறிக்கையில் இப்படி எழுதினார்: 'பாம்பின் நீளம் ஆறடி ஒரு அங்குலம், சுமாராக.'

ஆல்வின் மீது வழக்குப் பதிவானது. பாம்பு சான்றுப் பொருள் எண் 14 ஆனது. எண் 13 ஒரு திருட்டுப் புல்வெட்டும் இயந்திரம்.

மாவட்டத்தின் சான்றுக் கிடங்கு துப்பாக்கிகளுக்கும் போதைப் பொருள்களுக்கும் கட்டியது. உள்ளே குளிர் அதிகம். அங்கே வைத்தால் எண் 14 இரண்டு நாளில் செத்துப்போகும், செத்த பாம்பை அளந்தால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொன்னார்கள். "அப்போ ஆர்லிஸ்கிட்டத்தான் கொடுக்கணும்" என்றார் ஓல்னெஸ்.

ஆர்லிஸ் டோர்வால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மதிய உணவுக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் கரண்டி பிடித்தவள். வயது அறுபத்து மூன்று. கணவர் கார்டி இறந்து பன்னிரண்டு வருடம். மகன் அரிசோனாவில். அவன் வீட்டை விட்டுப் போகும்போது தன் சிவப்புப் புள்ளிப் பாம்பை விட்டுப் போனான். 'ரெண்டு வாரம் பாத்துக்கோம்மா' என்றான். அது எட்டு வருடம் இருந்து செத்தது. அதற்குள் 'பாம்பைப் பார்த்தால் அலறாத பொம்பளை ஒருத்தி இருக்கிறாள்' என்று சுற்று வட்டாரத்தில் தெரிந்துவிட்டது. கல்லூரி முடித்து ஊர் மாறுகிறவர்கள், குழந்தை பிறந்தவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லாம் வந்தார்கள். தலையணை உறையில் ஒன்று, ஐஸ்கிரீம் வாளியில் ஒன்று, கிடார் பெட்டியில் ஒன்று. உள்ளே வந்து காபி குடியுங்கள் என்று ஒவ்வொருவரையும் கூப்பிடுவாள். யாரும் வந்ததில்லை. வாசலிலேயே நின்று, மன்னிப்புக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரேறிப் போவார்கள். அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எதையாவது விட்டுப் போக வருகிறவர்கள்தான்.

அப்படிக் கீழறையில் ஒன்பது சேர்ந்திருந்தன. எண் 14 பத்தாவது.

ஆனால் எண் 14 மற்றவற்றைப் போல வரவில்லை. அதனுடன் மாவட்ட அரசு வழக்கறிஞர் லைல் கிரானம் வந்தார். கோட்டுப் பையில் பதினேழு விதிகள். வீட்டின் பின்பக்க அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்று, ஆர்லிஸ் ஒருத்திதான் கேட்கிறாள் என்பதைப் பொருட்படுத்தாமல் பேசினார்.

"சான்றுன்னா என்ன? மாறாதது. ஒரு துப்பாக்கியை இன்னிக்கு வச்சா பத்து வருஷம் கழிச்சும் அதே துப்பாக்கி. அந்த நம்பிக்கையிலதான் நீதின்னு ஒண்ணு நடந்துட்டிருக்கு. அதனால இந்தப் பாம்பு வளரக் கூடாது, குறையக் கூடாது. நீளம் இந்த வழக்கோட உயிர். ஆறடி ஒரு அங்குலம். அதுல ஒரு நூல் கூடக் கூட்டாம குறைக்காம எங்ககிட்டத் திருப்பித் தரணும்."

"அதுக்குச் சாப்பாடு போடலாமா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

கிரானம் பையிலிருந்த தாள்களைப் புரட்டினார். இதைப் பதினேழில் எதுவும் சொல்லவில்லை.

"வளராத அளவுக்குப் போடுங்க" என்றார்.

அறைக்குச் சீல் வைத்தார்கள். கதவின் குறுக்கே மஞ்சள் பட்டை. உள்ளே பார்க்கக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. தண்ணீர் மாற்ற, பெட்டியைத் துடைக்க, எலி போட எப்போது திறந்தாலும் ஓல்னெஸ் நேரில் வந்து பட்டையைப் பிரித்து, முடிந்ததும் புதிதாக ஒட்டி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை. அவர் வருகிற நாட்களில் ஆர்லிஸ் எலுமிச்சைக் கேக் செய்யத் தொடங்கினாள். உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் ஒருவர் கிடைத்திருக்கிறார், அவர் அரசாங்க உத்தரவின் பேரில் வருகிறார் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை.

முதல் தடவை எலி போட்ட அன்று ஓல்னெஸ் சுவரைப் பார்த்து முதுகு காட்டி நின்றார்.

"முடிஞ்சுதா, ஆர்லிஸம்மா?" பள்ளிக்கூடத்தில் அவள் கையால் சாப்பிட்டவர், அந்தக் காலத்து விளி மாறவில்லை.

"இன்னும் பாதி வெளியில இருக்கு. திரும்பிப் பாரேன், கர்ட்."

"வேணாம். வால்பக்கம்தானே? கேக்குது."

"எலி விழுங்குறது கேக்குமா?"

"எனக்குக் கேக்குது. இந்தப் பதிவேட்டுல 'நேரில் கண்டேன்'னு இருக்கு. 'நேரில் கேட்டேன்'னு எழுதினா ஒத்துப்பாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. 'கண்டேன்' என்றே எழுதினார். பிறகு கிரானத்திடமிருந்து கடிதம் வந்தது: சான்றுக்குள் போன எலி சான்றின் பகுதி, ஆகவே அது எந்த வடிவத்தில் வெளியே வந்தாலும் சான்றே, எதையும் எறியக் கூடாது. அன்றிலிருந்து ஆர்லிஸ் அதையும் பையில் போட்டுத் தேதி எழுதிக் கொடுத்தாள். ஓல்னெஸ் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கார் ஓட்டிப் போனார். ஷெரீப் அலுவலகத்தில் சான்றுகளுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று இருந்தது. அதன் கடைசித் தட்டு ஒதுக்கப்பட்டது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம், ஆர்லிஸ் வீட்டில் போன் அடித்தது. விற்பனைக்காரர்கள் தவிர யாரும் கூப்பிடாத போன்.

"அம்மா, மன்னிக்கணும். நான் ஆல்வின் ஹெக். பெர்ல் உங்ககிட்டத்தான் இருக்காளா?"

ஆர்லிஸுக்கு அதன் பெயர் பெர்ல் என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தாள். ஒன்பதாவது: சான்றின் நிலை குறித்துக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எவ்விதத் தகவலும் தரக் கூடாது. தந்தால் தந்தவரும் குற்றம் சாட்டப்படுவார்.

அதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினாள். அவள் குரலில் படிக்கும்போது அது இன்னும் மோசமாக இருந்தது.



"சரிங்கம்மா. தெரியாம கேட்டுட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமையும் கூப்பிட்டார். "ஒண்ணும் கேக்கலை. சும்மா கூப்பிட்டேன்" என்றார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. முந்நூறு பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் வரும்போது எந்தப் பிள்ளை காலையிலும் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள் ஆர்லிஸ். இந்த மூச்சுச் சத்தத்தை வைத்தும் சொல்ல முடிந்தது. விதியை மறுபடி பார்த்தாள். சான்றைப் பற்றித்தான் பேசக் கூடாது. தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்கும் இல்லை.

"நான் நல்லா இருக்கேன், மிஸ்டர் ஹெக்" என்றாள்.

"அப்படியா? சந்தோஷம்" என்றார் அவர், புரியாமல்.

"நேத்து மத்தியானம் நல்லா சாப்பிட்டேன்."

"ஓ."

"ஒரு எலி. பெருசு."

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ தட்டுப்பட்டது. பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம்.

"தலைப் பக்கத்துலேர்ந்தா?"

"தலைப் பக்கத்துலேர்ந்துதான். இருபது நிமிஷம் ஆச்சு. அப்புறம் கரண்ட் சூட்டுப் பாய் மேல போய்ச் சுருண்டுக்கிட்டேன்."

"வலது மூலையிலதானே? உங்களுக்கு வலது மூலைதான் பிடிக்கும்."

"ஆமா, வலது மூலைதான்."

அதற்குப் பின் ஒவ்வொரு புதன்கிழமையும் ஆறு மணிக்குப் போன் அடிக்கும். ஆர்லிஸ் ஐந்தே முக்காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். வசந்தத்தில் ஒரு நாள் தன் கண் இரண்டும் பால் ஊற்றியது போல மங்கிவிட்டது என்றாள்.

"பயப்படாதீங்க. தோல் உரிக்கப் போறீங்க" என்றார் ஆல்வின். "ஒரு வாரம், பத்து நாள். அதுவரைக்கும் சாப்பாடு வேண்டாம்பீங்க, யாராவது தொட்டா எரிச்சல்படுவீங்க. ஈரத்துணி போட்ட பெட்டி ஒண்ணு பக்கத்துல வச்சுக்குங்க. மூக்கு நுனியை மட்டும் ஒரு கல்லுல தேய்ப்பீங்க, அது பார்க்க அழகா இருக்கும்."

இன்னொரு வாரம் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. போனில் ஆல்வின் பதறிப்போனார்.

"நெஞ்சுல கர்கர்னு சத்தம் வருதா? வாயைத் திறந்து மூச்சு விடறீங்களா? டாக்டர்கிட்ட உடனே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க!"

"இல்லை, ஆல்வின். இது நான்."

"தெரியுதே, நீங்கதான். அதைத்தான் கேக்கறேன்."

"நிஜமா நான். ஆர்லிஸ். எனக்குத்தான் இருமல்."

அவர் நிறுத்தினார். இந்த மாதிரி நிலைமைக்கு அவர் தயாராக இல்லை.

"நிஜமா நீங்கன்னா," என்றார் கடைசியில், "சூடா சூப் குடிங்க. கழுத்துல துணி சுத்திக்குங்க. குடிச்சீங்களா?"

"இன்னும் இல்லை."

"போய் வைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேஜையில் கிடத்திவிட்டு ஆர்லிஸ் போய்ச் சூப் வைத்தாள். கார்டி போன பிறகு அவள் குடித்தாளா சாப்பிட்டாளா என்று கேட்ட முதல் ஆள். திரும்பி வந்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். "இருக்கேன்" என்றார் அவர். எப்போது கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். கேட்டால் பேச்சும் அதோடு முடிந்துவிடும். அதனால் கேட்பதை விட்டுவிட்டாள்.

தோல் முழுசாக, கிழியாமல் உரிந்தது. ஓல்னெஸ் அதைப் பொட்டலம் கட்டிப் போன இரண்டாம் நாள் கிரானமே போன் செய்தார். குரலில் திருவிழா.

"ஏழடி ரெண்டு அங்குலம்! அளந்து பார்த்துட்டோம்!"

"உரிச்ச தோல் இழுபட்டு நீளமாத்தான் சார் இருக்கும்" என்றாள் ஆர்லிஸ். "பாம்பு அவ்வளவு இருக்காது."

"பாம்பு என்ன வேணாலும் சொல்லும். தோல் பொய் சொல்லாது. எண் '14-ஏ'ன்னு பதிஞ்சாச்சு. ஆறடிக்கு மேல ரெண்டு பொருள். ஹெக் மேல ரெண்டாவது குற்றச்சாட்டு."

"தோல் எங்க வீட்டுல உரிஞ்சதாச்சே?"

மறுமுனையில் காகிதம் புரண்டது. "அதையும் பரிசீலிச்சிட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டார். அந்த வருடம் தேர்தல் வேறு. கிரானத்தின் விளம்பரத் தட்டிகள் வயல்வெளி ஓரமெல்லாம் நின்றன: 'ஆறடிக்கு மேல் அனுமதியோம்.' வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, உயரமான ஆட்களுக்கு இந்த மாவட்டத்தில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் ஜெயித்தார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

வழக்கு ஐந்து தடவை ஒத்திப் போடப்பட்டது. இரண்டாவது குளிர்காலம் வந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்லிஸ் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். பெர்ல் வலது மூலையில் இல்லை. பெட்டியின் நடுவில் விறைத்த கயிறு போலக் கிடந்தது. சூட்டுப் பாயின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பின்பக்க அறைக்கு வருகிற மின் இணைப்பு மட்டும் போய்விட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. கதவில் உள்ளங்கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

ஷெரீப் அலுவலகத்தில் ஒரு பதிவுக் குரல், சான்றுகள் தொடர்பான விஷயங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை அழைக்கும்படி அன்போடு கேட்டுக்கொண்டது. ஓல்னெஸ் வீட்டுக்குப் போட்டாள்.

"ரோடெல்லாம் மூடிட்டாங்க, ஆர்லிஸம்மா. என் கார் கண்ணுக்கே தெரியலை. நான் வர்ற வரைக்கும் பட்டையில கை வைக்காதீங்க."

"எப்ப வருவே?"

"ரோடு திறந்ததும்."

"எப்பத் திறக்கும்?"

"நாளைக்கு. இல்லைன்னா நாளன்னிக்கு. ஆர்லிஸம்மா, சொல்றதைக் கேளுங்க. நீங்க சீலை உடைச்சா அது பெரிய குற்றம். நான்தான் உங்களைக் கைது பண்ண வேண்டியிருக்கும். எனக்கு அது வேணாம்."

"அது செத்துப்போயிடும், கர்ட்."

 "செத்தா அதுக்கு ஒரு படிவம் இருக்கு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. "எனக்கு லைன் சரியா கேக்கலை" என்று வைத்துவிட்டார்.

ஆர்லிஸ் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து மஞ்சள் பட்டையை நடுவில் வெட்டினாள். பெர்லைத் தூக்கியபோது அது அவள் கையில் சுற்றிக்கொள்ளவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து, கார்டியின் பழைய கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, அதை உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். குளிர்ந்த இரும்பைக் கட்டிப் பிடித்தது போலிருந்தது. அவளுக்குப் பல் கிட்டியது. ஜன்னலுக்கு வெளியே பனி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு இடுப்பருகே ஏதோ அசைந்தது. மெதுவாக, கனமாக, ஒரு சுற்று அவள் முதுகுக்குப் பின்னால் போய் முன்னால் வந்து தோளில் ஏறிக் கழுத்தடியில் தலை வைத்தது. பதின்மூன்று வருடமாக அவள் மேல் யாரும் கை போட்டதில்லை. ஆர்லிஸ் அசையாமல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பாம்புக்கு அதுவும் சூடுதான்.

புதன்கிழமை ஆல்வினிடம், "நான் ரூம் மாறிட்டேன். இப்ப கூடத்துல இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அங்கே வெளிச்சம் உங்க கண்ணுல படாம பாத்துக்குங்க" என்றார்.

ரோடு திறந்து ஓல்னெஸ் வந்தார், வெட்டிய பட்டையைப் பார்த்தார், கேக் சாப்பிடாமல் போனார். ஆர்லிஸ் மீது சான்றைச் சிதைத்ததாக வழக்கு வந்தது. இரண்டு வழக்கையும் ஜனவரிக் கடைசியில் ஒன்றாக எடுத்தார்கள்.

சுடுதண்ணீர்ப் பை வைத்த ஐஸ் பெட்டியில் பெர்ல் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆல்வின் இடது பக்க பெஞ்சில். ஆர்லிஸ் வலது பக்கத்தில். இரண்டு குற்றவாளிகளும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று காவலர் சொல்லியிருந்தார். போனில் கேட்ட குரலை வைத்து ஆர்லிஸ் ஒரு பெரிய ஆளைக் கற்பனை செய்திருந்தாள். அவர் சின்ன உருவம், ஒரு சைஸ் பெரிய கோட்டு. அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

நீதிபதி ஹார்ட்விக் அம்மையார் ஓய்வு பெற இன்னும் ஆறு வாரம் இருந்தது. "இந்த வழக்குல ஒரே கேள்வி நீளம். அளந்துட்டாப் போச்சு" என்றார். பதினான்கு மாதத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை.

மூன்று அதிகாரிகள் தலைப்பக்கமும் நடுவும் பிடிக்க, வாலுக்கு ஓல்னெஸ். முதல் அளவு: ஐந்தடி ஒன்பது அங்குலம். பாம்பு சுருங்கிக்கொண்டது என்று கிரானம் ஆட்சேபித்தார். நன்றாக இழுத்து அளந்தார்கள், ஆல்வின் "ஐயோ, முதுகு!" என்று எழுந்தார், காவலர் உட்கார வைத்தார். இரண்டாவது அளவு: ஆறடி நாலு அங்குலம். பாம்பை நீட்டிவிட்டார்கள் என்று ஆல்வினுக்காக நீதிமன்றம் அமர்த்திய வக்கீல் ஆட்சேபித்தார். மூன்றாவது தடவை ஓல்னெஸ் வாலை விட்டுவிட்டார். பெர்ல் கிரானத்தின் மேஜைக்கு அடியில் போய் மேஜைக் காலைச் சுற்றிக்கொண்டது. வெளியே தெரிந்தவரைக்கும் அளந்தார்கள்: மூன்றடி இரண்டு அங்குலம்.

"மூணும் இந்த நீதிமன்றத்துல, சத்தியப் பிரமாணத்துக்குக் கீழே எடுத்த அளவு" என்றார் நீதிபதி. "ஒண்ணை ஏத்துக்கிட்டு மத்ததைத் தள்ள எனக்கு அதிகாரமில்லை. சராசரி எடுப்போம்." கணக்குப் போட்டார். "ஐந்தடி ஒரு அங்குலம்."

கிரானம் துள்ளி எழுந்தார். "தோலைச் சேர்க்கணும், மாண்புமிகு நீதிபதி! 14-ஏவும் முறையா பதிவான சான்று!"

சேர்த்தார்கள். ஏழடி இரண்டு அங்குலத்தையும் கூட்டி நாலால் வகுத்தால் ஐந்தடி ஏழே கால் அங்குலம் வந்தது.

கிரானம் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஜூரிகள் உட்காருகிற காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார்.

"பாம்பு நீளமா இல்லையாங்கிறது இங்கே கேள்வியே இல்லை. அது நீளம்னு இந்த மாவட்டம் பதினாலு மாசம் நம்பியிருக்கு. அந்த நம்பிக்கையில பட்டை ஒட்டினோம், படிவம் அச்சடிச்சோம், எங்க சாப்பாட்டுப் பெட்டியில ஒரு தட்டையே விட்டுக்கொடுத்தோம். இன்னிக்கு ஒரு பாம்பு வந்து நான் அவ்வளவு இல்லைன்னு சொன்னா, நாங்க பட்டதுக்கெல்லாம் என்ன மதிப்பு? ஒரு அங்குலத்துக்கு இன்னிக்கு விட்டுக்கொடுத்தா, நாளைக்கு மக்கள் எங்களை அளக்க ஆரம்பிச்சிடுவாங்க!"

 மேஜைக் காலைச் சுற்றியிருந்த பெர்ல் இன்னொரு சுற்று இறுக்கியது.

நீதிபதி தீர்ப்பெழுதினார். பாம்பு ஆறடியைத் தாண்டவில்லை. ஆகவே ஹெக் குற்றம் செய்யவில்லை. குற்றமே இல்லாததால் பாம்பு எப்போதுமே சான்று அல்ல. சான்றே இல்லாதபோது அதை யாரிடமும் ஒப்படைத்திருக்க முடியாது. ஆகவே திருமதி டோர்வால் எதையும் சிதைக்கவில்லை. பதிவேடுகள் இதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று ஆர்லிஸ் வாசலில் ஓல்னெஸைக் கேட்டாள்.

"பதினாலு மாசம் உங்க வீட்டுல பாம்பு எதுவும் இல்லைன்னு அர்த்தம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நானும் வரலை. கேக் நல்லாயிருந்துது, ஆர்லிஸம்மா."

மறுநாள் காலை ஆல்வின் ஒரு தலையணை உறையோடு அவள் வீட்டு வாசலில் நின்றார். ஐஸ் பெட்டியோடு ஆர்லிஸ் வீட்டுக்கே திரும்பியிருந்த பெர்லுக்காக உறையைச் சூடாக்கி, கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆர்லிஸ் காபி போட்டிருந்தாள். அவர் உள்ளே வந்தார். வந்து உட்கார்ந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மேஜை விரிப்பைப் பார்த்தார்.

"எடை கூடியிருக்கா" என்றார், பெர்லைத் தூக்கிப் பார்த்து.

"கூடியிருக்கும்" என்றாள் ஆர்லிஸ்.

"ரொம்ப நன்றி."

"இருக்கட்டும்."

இவ்வளவுதான். புதன்கிழமைதோறும் முக்கால் மணி நேரம் பேசியவர்கள். இப்போது எதைப் பேசினாலும் குற்றமில்லை. அதனால் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் "நான்" என்று சொன்னால் அது அவள் மட்டும்தான். காபி ஆறிவிட்டது. அவர் எழுந்து, பெர்லை உறைக்குள் விட்டு, வாய்ப்பக்கம் முடிச்சுப் போட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, வாசலில் கொஞ்சம் நின்று, பிறகு போனார்.

பின்பக்க அறையில் மின்சாரம் சரியாகிவிட்டது. வெறும் பெட்டியை ஆர்லிஸ் கழுவி வைத்தாள். கீழறையில் ஒன்பதும் நலம். செவ்வாய்க்கிழமை பழக்கத்தில் கேக் கலந்துவிட்டு, பாதியில் மாவை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தப் புதன்கிழமை போன் அடிக்கவில்லை. ஏன் அடிக்க வேண்டும்? கேட்கிறவரிடமே பாம்பு இருக்கிறது.

அதற்கடுத்த புதன்கிழமை, ஆறரை மணிக்கு, தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அடித்தது. விற்பனைக்காரன் என்று நினைத்து ஈரக் கையோடு எடுத்தாள்.

"நான் ஆல்வின்."

"சொல்லுங்க, ஆல்வின்."

"பெர்ல் நல்லா இருக்கா."

"நல்லது."

"சாப்பிட்டா."

"நல்லது."

அந்தப் பக்கம் கம்பியில் காற்று ஓடுகிற சத்தம். அவர் வைக்கப்போகிறார் என்று ஆர்லிஸ் நினைத்தாள். தனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். கண் மங்கவில்லை, இருமல் இல்லை, எலியும் இல்லை. அவரும் வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார். அப்புறமும் செருமினார். எழுபத்தொரு வயதில் ஒரு வார்த்தையை முதல்முதலாக எடுக்கிற மாதிரி இருந்தது.

"எனக்கு," என்றார், "கால் வலிக்குது."

ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தக் கால்?" என்று கேட்டாள்.